விலங்காண்டும் பெயராண்டும்: சீனரின் ஆண்டுக் கணிப்பும் வன்னியின் வருட நினைவும்

சீனர் தம் ஆண்டுகளுக்கு விலங்குகளை உரியனவாக்கினர். தமிழர் தம் ஆண்டுகளுக்குப் பெயர்களைச் சூட்டினர். எலி, எருது, புலி எனத் தொடங்கிப் பன்றியில் முடியும் பன்னிரு விலங்குகளின் வரிசை சீனருடையது. பிரபவ எனத் தொடங்கி அட்சய என முடியும் அறுபது பெயர்களின் வரிசை தமிழரிடையே வழங்குவது. இரு மரபினரும் புத்தாண்டு பிறக்கும்போது எழுப்பும் வினா ஒன்றே: இவ்வாண்டு எதனைக் கொண்டுவரும்? இவ்வினாவுக்கு விலங்கின் இயல்பைக் கொண்டு சீனரும், பெயரின் பொருளையும் கோள்களின் நிலையையும் கொண்டு தமிழரும் விடை கூறி வந்துள்ளனர்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலத்திலே இவ்வினா வெறும் பொழுதுபோக்கன்று. மழையை நம்பி வாழும் உழவர் நிலம் அது. கடந்த இரு நூற்றாண்டுகளில் போரையும் கடற்கோளையும் இடப்பெயர்வையும் கண்ட நிலமும் அதுவே. ஆகவே ஆண்டின் பெயர் ஆண்டின் பொருளைத் தருமா என்னும் வினாவுக்கு வன்னியின் வரலாறு என்ன விடை தருகின்றது என்பதை ஆராய்தல் பயனுடையதாகும். அதற்கு முன்னர், இவ்விரு கணிப்பு முறைகளும் எவ்வாறு தோன்றின என்பதை நோக்குதல் வேண்டும்.

சீனரின் பன்னிரு விலங்குகள்

எலி, எருது, புலி, முயல், கடல்நாகம் என நம்மவர் கூறும் பறவைநாகம், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி என்பன சீனரின் ஆண்டு விலங்குகளாம். சீனப் புத்தாண்டு மதியின் இயக்கத்தைத் தழுவி அமைவது. மாரிகாலச் சூரியத் திருப்பத்துக்குப் பின்வரும் இரண்டாவது அமாவாசையையொட்டியே பெரும்பாலும் அது பிறக்கும். ஆதலால் அது சனவரி 21ஆம் திகதிக்கும் பெப்ரவரி 21ஆம் திகதிக்கும் இடையே ஆண்டுதோறும் இடம்மாறி வருகின்றது. மதியாண்டு ஏறத்தாழ 354 நாட்களையே கொண்டமையால், பருவங்களோடு அது பிணங்காதிருக்கும் பொருட்டு 19 ஆண்டுகளுக்கு 7 மாதங்கள் மிகையாகச் சேர்க்கப்படுகின்றன.

விலங்குகள் இம்முறையின் தொடக்கமல்ல என்பது ஈண்டு கவனிக்கத்தக்கது. 'வான்தண்டுகள்' எனப்படும் பத்துக் குறியீடுகளையும் 'நிலக்கிளைகள்' எனப்படும் பன்னிரண்டு குறியீடுகளையும் ஒன்றோடொன்று இணைத்து நாட்களை எண்ணும் வழக்கம் சாங் அரசர் காலத்திலேயே, அதாவது கி.மு. 13ஆம் நூற்றாண்டளவில், நிலைபெற்றிருந்தது. நிமித்தம் பார்க்கும் பொருட்டு எலும்புகளிலும் ஆமையோடுகளிலும் பொறிக்கப்பெற்ற எழுத்துக்களில் இக்கணிப்பைக் காணலாம். ஆண்டுகளை எண்ணுவதற்கு இது பயன்பட்டது பிற்காலத்திலாகும். பன்னிரு கிளைகளுக்கும் விலங்குகள் உரியனவாக்கப்பட்டமைக்குப் பழஞ்சான்று, 1975இல் ஊபே மாகாணத்துச் சுயிகுதி என்னுமிடத்துக் கல்லறையொன்றிலிருந்து கிடைத்த மூங்கிற் சுவடிகளாகும். அவை கி.மு. 3ஆம் நூற்றாண்டின் இறுதிக்குரியன. அவற்றிலுள்ள பட்டியல் இன்றைய பட்டியலோடு முற்றும் ஒத்ததன்று. எனவே, எண்ணுவதற்கான குறியீடே முன்னர்த் தோன்றியது. விலங்கு பின்னர் வந்து சேர்ந்தது. விலங்கின் இயல்பைக் கொண்டு ஆண்டின் பலனைக் கூறும் வழக்கம் அதன் பின்னரே வளர்ந்தது எனலாம்.

இவ்வழக்கத்தை ஐயுற்றோரும் சீனரிடையே இருந்தனர். கி.பி. 1ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வாங் சுங் என்னும் அறிஞர் தமது நூலில் இவ்விலங்குகளை எடுத்துக்கொண்டு, அக்காலத்து ஐம்பூதக் கொள்கையினரை மடக்குகின்றார். எலி நீருக்கும் குதிரை நெருப்புக்கும் உரியன என்பர்; நீர் நெருப்பை வெல்லும் என்பர்; அங்ஙனமாயின் எலி குதிரையைத் துரத்தாதது ஏன் என்பது அவர் எழுப்பிய வினாக்களுள் ஒன்றாகும். குறியீட்டை இயற்கையெனக் கொள்ளுதல் கூடாது என்பதே அவர் கருத்தின் சாரம். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் எழுந்த இக்கண்டனம் விலங்காண்டு நம்பிக்கையை அழித்துவிடவில்லை. எனினும் நம்பிக்கையும் ஐயமும் ஒரே காலத்தில் உடன்வளர்ந்தன என்பதை அது காட்டுகின்றது.

அறுபதாண்டு வட்டம்

பத்துத் தண்டுகளும் பன்னிரண்டு கிளைகளும் முறையே இணைந்து செல்லும்போது, தொடங்கிய இணை மீண்டும் வருவதற்கு 60 படிகள் வேண்டும். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் பொதுவான மிகச் சிறிய மடங்கு அறுபதாதலே இதற்குக் காரணம். பத்துத் தண்டுகளும் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்னும் ஐந்துக்கும் இவ்விரண்டாகப் பகிரப்பட்டுள்ளன. ஆகவே ஒரே விலங்கு பன்னிரண்டு ஆண்டுகளுக்கொருமுறை வருமாயினும், 'நீர்ப்பன்றி', 'மண்ணெருது' என்றவாறு பூதத்தோடு கூடிய விலங்கு அறுபது ஆண்டுகளுக்கொருமுறையே வரும்.

இந்திய மரபின் அறுபதாண்டு வட்டம் வேறொரு வழியில் அமைந்தது. வியாழன் வானவட்டத்தை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டுகள், இன்னும் நுணுகிக் கூறின் 11.86 ஆண்டுகள், செல்லும். அதன் ஐந்து சுற்றுக்கள் அறுபதாண்டு எனக் கொள்ளப்பட்டன. கி.பி. 6ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தமது பிருகத்சங்கிதையில் வியாழனின் இயக்கத்தைக் கூறுமிடத்து இவ்வட்டத்தையும் அதன் பலன்களையும் விரித்துரைக்கின்றார். வியாழனின் உண்மையான இயக்கத்தோடு பொருந்தும் பொருட்டு வட இந்தியர் ஏறத்தாழ 85 ஆண்டுகளுக்கொருமுறை ஒரு பெயரை நீக்கி வந்தனர். தென்னாட்டவரோ அந்நீக்கத்தைக் கைவிட்டு, பெயர்களைச் சூரிய ஆண்டோடு பிணைத்துவிட்டனர். இதனால் ஒரே ஆண்டுக்கு வடக்கில் ஒரு பெயரும் தெற்கில் வேறொரு பெயரும் இன்று வழங்குகின்றன. வியாழனின் பெயரால் தோன்றிய வட்டம், தென்னாட்டிலே வியாழனோடு தொடர்பற்ற வெறும் பெயர்வரிசையாகிவிட்டது என்பதே இதன் பொருள்.

தமிழ் மரபில் விலங்குகளுக்கு இடமில்லாமற் போகவில்லை. அவை ஆண்டைவிட்டு விண்மீனைச் சார்ந்தன. இருபத்தேழு நட்சத்திரங்களுக்கும் குதிரை, யானை, ஆடு, பாம்பு, நாய், பூனை, எலி, பசு, எருமை, புலி, மான், குரங்கு, கீரி, சிங்கம் எனப் பதினான்கு விலங்குகள் பகிரப்பட்டுள்ளன. திருமணப் பொருத்தம் பார்ப்போர் யோனிப் பொருத்தம் என இதனை வழங்குவர். பூனையும் எலியும், பாம்பும் கீரியும், பசுவும் புலியும் பகை எனக் கொண்டு அந்நட்சத்திரத்தாரைச் சேர்ப்பதற்குத் தயங்குவர். சீனரிடையே ஒரே ஆண்டிற் பிறந்தோர் அனைவரும் ஒரே விலங்கினர். தமிழரிடையே பிறந்த நட்சத்திரத்தைக் கொண்டே ஒருவரின் விலங்கு அமையும். எல்லாரையும் ஒரு விலங்கின்கீழ் அடக்கும் ஆண்டு நம்மவரிடம் இல்லை. பெயர்தாங்கிய ஆண்டே உண்டு.

இருமரபும் ஒரே கல்லில்

சீனரின் ஆண்டுக் கணிப்பு இலங்கைக்கு அந்நியமானதன்று. 1911இல் காலியிலே கண்டெடுக்கப்பெற்று, பின்னர்க் கொழும்பு தேசிய நூதனசாலையிற் சேர்க்கப்பெற்ற மும்மொழிக் கல்வெட்டு இதற்குச் சான்றாகும். மிங் அரசர் யொங்லேயின் ஆணையால் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்த இக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளும் இடம்பெறுகின்றன. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெவிநுவரைத் திருமாலாகிய தேனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இசுலாமிய நெறிக்கும் உரிய காணிக்கைகளைக் கூறுகின்றன. சீனப் பகுதியின் திகதி யொங்லே அரசரின் 7ஆம் ஆண்டு இரண்டாம் மாதம் எனவும், அவ்வாண்டு 'சி-சௌ' எனவும் தரப்பட்டுள்ளது. அது கி.பி. 1409 ஆகும். சி-சௌ என்பது மண்ணெருது ஆண்டு.

இங்கு இருவகைக் குறிப்புகள் அருகருகே நிற்கின்றன. சி-சௌ என்ற வட்டப்பெயர் மட்டும் இருந்திருப்பின், அறுபதாண்டுக்கொருமுறை வரும் பல ஆண்டுகளுள் எது என ஆய்வாளர் இடர்ப்பட்டிருப்பர். அரசரின் ஆட்சியாண்டும் உடன் தரப்பட்டமையால் அவ்விடர் நீங்கியது. வட்டமாகச் சுழலும் காலத்துக்கும் நேராகச் செல்லும் காலத்துக்கும் உள்ள வேறுபாடு இச்சிறு குறிப்பிலே புலனாகின்றது. இவ்வேறுபாடு வன்னியின் வரலாற்றை ஆராயும்போது பெரிதும் வேண்டப்படுவதாகும்.

தேனாவரையின் பெயர் சோதிட வரலாற்றோடும் தொடர்புடையது. இலங்கையிலே தோன்றி இன்று கிடைக்கும் தமிழ் நூல்களுள் மிகப் பழையது எனக் கொள்ளப்படும் சரசோதிமாலை ஒரு சோதிட நூலாகும். தேனுவரைப்பெருமாள் என வழங்கப்பெற்ற போசராச பண்டிதர் இயற்றிய அந்நூல் 1310இல் தம்பதெனியா அரசவையில் அரங்கேற்றப்பட்டது. யாழ்ப்பாண அரசர் காலத்துச் செகராசசேகரமாலையும் சோதிட நூலே. நாளும் கோளும் பற்றிய கல்வி ஈழத்துத் தமிழிலக்கியத்தின் தொடக்கத்திலேயே இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

உழவரின் ஆண்டு

சீனப் பஞ்சாங்கத்திலும் தமிழ்ப் பஞ்சாங்கத்திலும் ஆண்டின் பலனாகக் கூறப்படுவன யாவை என்று நோக்குமிடத்து, வியப்பான ஓர் ஒற்றுமை புலப்படுகின்றது. சீனப் பஞ்சாங்கத்திலே 'நிலத்தாய் நூல்' என்னும் பொருளுடைய செய்யுட்டொகுதியொன்று உண்டு. அறுபது ஆண்டுகளுக்கும் தனித்தனிச் செய்யுள் அதில் அமைந்துள்ளது. எந்நாட்டில் வெள்ளம் வரும், எங்கே நெல் விளையும், பட்டுப்புழு வளர்ப்போருக்கு ஆக்கமா கேடா என்பனவே அவற்றின் பொருள். அதே பஞ்சாங்கத்தில் இளவேனிலின் எருதும் அதனை ஓட்டிச்செல்லும் சிறுவனும் வரையப்பட்டிருப்பர். எருதின் நிறமும் சிறுவனின் உடையும் ஆண்டுதோறும் மாறும். அவற்றைக் கண்டு உழவர் ஆண்டின் இயல்பை ஊகிப்பர்.

தமிழ் மரபிலும் அறுபது ஆண்டுகளுக்கு அறுபது வெண்பாக்கள் உள்ளன. இடைக்காட்டுச் சித்தர் பெயரால் வழங்கும் அவை மழை, விளைவு, ஆனிரை, நோய், அரசர் பகை என்பவற்றையே பேசுகின்றன. பஞ்சாங்கம் ஆண்டுக்கு ஓர் இராசாவையும் மந்திரியையும் சேனாதிபதியையும் கோள்களுள் நியமிக்கின்றது. மேகத்துக்கு ஓர் அதிபதியையும் தானியத்துக்கு ஓர் அதிபதியையும் வகுக்கின்றது. அவ்வாண்டு பெய்யும் மழை இத்தனை மரக்கால் எனவும், அதில் கடலிற் பெய்வது, மலையிற் பெய்வது, நிலத்திற் பெய்வது இத்தனை பங்கு எனவும் கணக்கிடுகின்றது. தனிமனிதனின் காதலும் தொழிலும் பற்றிய இன்றைய ஆண்டுப்பலன்கள் இம்மரபுக்குப் பிற்பட்ட வளர்ச்சியாகும். இரு நாட்டிலும் ஆண்டின் பொருள் என்பது தொடக்கத்திலே உழவரின் பொருளாகவே இருந்தது. வருமா வராதா எனத் தெரியாத மழையைப் பற்றிய கவலையே அதற்கு அடிப்படை.

வன்னியிலே இக்கவலைக்கு இன்றும் குறைவில்லை. வரண்ட வலயத்துள் அடங்கும் இந்நிலம் ஆண்டு மழையின் பெரும்பகுதியை ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வடகீழ்ப் பருவக்காற்றாற் பெறுகின்றது. ஆறுகள் ஆண்டு முழுதும் ஓடுவன அல்ல. ஆகவே மழைநீரைக் குளங்களிலே தேக்கி வைத்தாலன்றி வாழ்வில்லை. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கணுக்கேணி முதலிய பெருங்குளங்களும் ஊர்தோறும் உள்ள சிறுகுளங்களும் இதனாலேயே எழுந்தன. மாரியை நம்பிச் செய்வது காலபோகம். குளத்தில் எஞ்சிய நீரை நம்பிச் செய்வது சிறுபோகம்.

சித்திரைப் புத்தாண்டு இவ்விரு போகங்களுக்கும் இடையே பிறக்கின்றது. அது சீனப் புத்தாண்டைப் போல மதியைத் தழுவியதன்று. சூரியன் மேட இராசியிற் புகுவதைக் கொண்டு கணிக்கப்படுவது. அந்நாளில் மருத்துநீர் வைத்து நீராடுதல், பஞ்சாங்கம் விதித்த நிறத்து ஆடை அணிதல், கைவிசேடம் பெறுதல் என்பன வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் ஒருங்கே நிகழ்வன. வன்னியின் மதிக்கணக்கோ கோயிலைச் சார்ந்து நிற்கின்றது. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல் வைகாசிப் பூரணையையொட்டிய திங்கட்கிழமையில் நிகழ்வது. முல்லைத்தீவுக் கடலிலிருந்து எடுத்துவரும் நீரில் விளக்கெரிக்கும் வழக்கம் அதன் சிறப்பாகும். சூரியனைக் கொண்டு ஆண்டையும், மதியைக் கொண்டு வழிபாட்டையும், மழையைக் கொண்டு வாழ்வையும் வகுத்துக்கொண்டவர் வன்னி மக்கள் எனலாம்.

ஆயினும் ஆண்டின் பொருளை அவர்கள் இறுதியாக அறிவது பஞ்சாங்கத்திலன்று. சிறுபோகத்துக்கு முன்னர் உழவரும் நீர்ப்பாசன அலுவலரும் கூடும் செய்கைக் கூட்டத்திலே, குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கின்றது என்பதைக் கொண்டே எத்தனை ஏக்கர் விதைக்கலாம் எனத் தீர்மானிக்கப்படுகின்றது. இரணைமடுவில் நீர் 36 அடிவரை நின்றால் அது ஒரு பொருள். பாதியளவே நின்றால் அது வேறொரு பொருள். மேகாதிபதி எக்கோளாயினும் இவ்வளவுகோல் மாறுவதில்லை. பஞ்சாங்கத்தைப் புறக்கணியாமலும் குளத்தை மறவாமலும் வாழும் இவ்வுழவர், நம்பிக்கையையும் அளவையையும் தத்தமக்குரிய இடத்தில் வைத்தவராவர்.

பெயரும் நிகழ்வும்

மழையைப் பற்றிய பலன் ஒருபுறமிருக்க, நாட்டுக்கு நேர்ந்த பெரிய நிகழ்வுகளை ஆண்டின் பெயர் முன்னறிவித்தது எனக் கூறுவோரும் உளர். வன்னியின் வரலாற்றிலே அவர்களுக்குத் துணையாகச் சில ஆண்டுகள் அமைந்துள்ளன என்பதை மறுப்பதற்கில்லை.

1803ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே பண்டாரவன்னியன் முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயர் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படை அவனைத் தோற்கடித்தது. அவ்வாண்டின் பெயர் ருதிரோற்காரி. ருதிரம் என்பது குருதி. குருதியை உமிழ்வது என்பது அப்பெயரின் பொருள். தமிழ் வழக்கில் அது ருத்திரோற்காரி எனத் திரிந்து, உருத்திரனைக் குறிப்பதுபோல் ஒலிப்பதால் மூலப்பொருள் பலருக்கு மறைந்துவிட்டது. அதன்பின் மூன்று வட்டங்கள், அதாவது 180 ஆண்டுகள், கழிந்து அதே பெயருடைய ஆண்டு 1983இல் வந்தது. அவ்வாண்டு யூலையில் தென்னிலங்கையிலே தமிழருக்கெதிராக நிகழ்ந்த வன்செயல்களும் வெலிக்கடைச் சிறையிற் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டமையும் நாடறிந்தவை. 1964 டிசெம்பரில் முல்லைத்தீவையும் மன்னாரையும் தாக்கிய பெரும் புயல் குரோதி ஆண்டிலே வீசியது. குரோதம் என்பது சினம். 2009 மே மாதத்திலே முள்ளிவாய்க்காலிற் போர் முடிந்தபோது நடந்தது விரோதி ஆண்டு. அதன் பொருள் பகை. பெயரை மட்டும் நோக்குவோருக்கு இவை போதிய சான்றாகத் தோன்றலாம்.

ஆனால் வரலாறு பொருந்துவனவற்றை மட்டும் பொறுக்கியெடுக்கும் கலையன்று. ருதிரோற்காரி ஆண்டு 1863இலும் 1923இலும் வந்தது. அவ்வாண்டுகளில் வன்னியிலே போர் எதுவும் நிகழவில்லை. விரோதி 1889இலும் 1949இலும் வந்தது, அப்போதும் அவ்வாறே. 2004 டிசெம்பர் 26ஆம் நாள், ஒரு பூரணை தினத்திலே, கடற்கோள் முல்லைத்தீவுக் கரையை அழித்தது. இலங்கை முழுதும் 30,000க்கும் மேற்பட்டோர் அதில் மாண்டனர். அவ்வாண்டின் பெயர் தாரண. கடக்கச் செய்வது, கரையேற்றுவது என்பது அதன் பொருள். 2009 சனவரி 2ஆம் நாள் கிளிநொச்சியும், அம்மாதம் 25ஆம் நாள் முல்லைத்தீவும் இராணுவத்தினர் வசமானபோது நடந்தது சர்வதாரி ஆண்டு. எல்லாவற்றையும் தாங்குவது என அது பொருள்படும். வவுனியா மாவட்டத்துச் செட்டிக்குளத்திலிருந்த மெனிக்பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அங்கிருந்து இறுதியாக வெளியேறியோருள் கேப்பாப்புலவு மக்களும் இருந்தனர். அவர்களின் காணிகள் இராணுவத்தினர் வசமிருந்தமையால் சொந்த ஊருக்கன்றிச் சீனியாமோட்டைக்கே அவர்கள் அனுப்பப்பட்டனர். அவ்வாண்டின் பெயர் நந்தன. மகிழ்விப்பது என்பது அதன் பொருள்.

இன்னொரு சோதனையும் உண்டு. சீன வட்டமும் தமிழ் வட்டமும் அறுபதாதலால், 1803க்கும் 1983க்கும் சீனக் கணிப்பிலும் ஒரே குறியீடே அமைகின்றது. அது நீர்ப்பன்றி. பன்றியைச் சீனர் நிறைவுக்கும் வளத்துக்கும் அறிகுறியாகக் கொள்வர். ஒரே ஆண்டைத் தமிழ்க் கணிப்பு குருதியென்றும் சீனக் கணிப்பு வளமென்றும் பெயரிடுமாயின், இரண்டும் ஆண்டின் இயல்பைக் கண்டு கூறியனவாக இருத்தல் இயலாது. 2009 சீனரின் மண்ணெருது ஆண்டு; எருது பொறுமைக்கும் உழைப்புக்கும் அறிகுறி. காலிக் கல்வெட்டின் 1409க்குச் சரியாகப் பத்து வட்டங்கள் கழித்து வந்த அதே சி-சௌ அது. இரு ஆண்டுகளையும் ஒரு குறியீடு பிணைக்கின்றது. ஆனால் அவற்றுள் நிகழ்ந்தனவற்றை எதுவும் பிணைக்கவில்லை.

எனினும் நம்பிக்கைக்கு விளைவே இல்லை எனக் கூறுதலும் தவறாகும். யப்பானியர் சீனரிடமிருந்து பெற்ற இவ்வட்டத்திலே நெருப்புக்குதிரை ஆண்டிற் பிறக்கும் பெண் கணவனுக்குக் கேடு விளைப்பவள் என்பது பழைய நம்பிக்கை. 1965இல் யப்பானிற் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 18 இலட்சத்து 24 ஆயிரம். நெருப்புக்குதிரை ஆண்டாகிய 1966இல் அத்தொகை 13 இலட்சத்து 61 ஆயிரமாக வீழ்ந்து, 1967இல் 19 இலட்சத்து 36 ஆயிரமாக உயர்ந்தது. ஆலைகளும் பல்கலைக்கழகங்களும் மிகுந்திருந்த நாட்டிலே ஆண்டின் பெயர் பிறப்பையே தடுத்தது. பெண் மூலம் நிர்மூலம் என்று ஒரு நட்சத்திரத்தின்மேற் பழிசுமத்தும் நம்மவர் இதனைக் கண்டு நகைப்பதற்கில்லை. பெயர் தானாக எதனையும் செய்வதில்லை. பெயரை நம்பும் மனிதர் செய்கின்றனர். அச்செயலின் சுமை பெரும்பாலும் பெண்கள்மீதே விழுகின்றது என்பது இரு சமூகத்துக்கும் பொதுவானது.

நினைவும் ஆவணமும்

அங்ஙனமாயின் ஆண்டுப் பெயர்களால் வரலாற்று மாணவனுக்குப் பயன் இல்லையோ எனின், உண்டு. ஓலைச்சுவடியிலும் சாதகக் குறிப்பிலும் காணி உறுதியிலும் கோயிற் கணக்கிலும் நம் முன்னோர் திகதியைப் பொறித்த முறை அது. பெயர், மாதம், நாள், கிழமை, நட்சத்திரம் ஆகியன ஒருங்கே கிடைக்குமாயின் திகதியை நுட்பமாகக் கணித்துவிடலாம். இடர் எழுவது பெயர் மட்டும் எஞ்சும்போதாகும். 'விரோதி வருடம் வைகாசி மாதம்' என ஒரு சுவடி கூறுமாயின், அது 1829ஆ, 1889ஆ, 1949ஆ, 2009ஆ என்பதை அச்சொற்கள் தாமே உணர்த்தமாட்டா. சீனர் வட்டப்பெயரோடு அரசனின் ஆட்சியாண்டையும் எழுதியமையும், நம்மவருட் சிலர் சாலிவாகன சகாப்தத்தையோ கலியாண்டையோ உடன் எழுதியமையும் இவ்விடரை உணர்ந்தமையாலேயே.

வன்னிக்கு இது ஏட்டுப் பிரச்சினையன்று. ஊர்விட்டு ஊர் பலமுறை பெயர்ந்த குடும்பங்கள் தம் சாதகங்களையும் உறுதிகளையும் நிழற்படங்களையும் வழியிலே இழந்தன. காணி தமதென நிறுவுவதற்கு உறுதியில்லாதோரும், பிறப்பை நிறுவுவதற்குப் பத்திரமில்லாதோரும் போரின் பின்னர் அரச அலுவலகங்களை நாட நேர்ந்தது. எழுத்து அழிந்த இடத்திலே நினைவே ஆவணமாக நிற்கின்றது. அந்நினைவோ பஞ்சாங்கத்தின் பெயர்வரிசையிற் செல்வதில்லை. புயல் அடித்த ஆண்டு, கடல் வந்த ஆண்டு, இடம்பெயர்ந்த ஆண்டு, மீளக் குடியேறிய ஆண்டு என அது தன் ஆண்டுகளுக்குத் தானே பெயரிடுகின்றது. சீனர் விலங்கால் வழங்கியதையும் பஞ்சாங்கம் வடசொல்லால் வழங்கியதையும் வன்னி மக்கள் தாம் பட்டறிந்ததால் வழங்குகின்றனர். பெயர் ஆண்டுக்குப் பொருள் தருவதில்லை; ஆண்டே தன் பெயரைத் தேடிக்கொள்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1895இல் யே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலை வெளியிட்டபோது, அவர் காலத்து ஊர்களும் குளங்களும் வழக்கங்களும் ஏட்டில் ஏறின. ஓர் ஆங்கிலேய அலுவலரின் நோக்கில் எழுதப்பட்ட அந்நூலின் குறைகள் எவையாயினும், இன்றைய ஆய்வாளர் அதனை நாடாமல் இருப்பதில்லை. அதனோடு ஒப்பிடத்தக்க முயற்சியொன்று, வன்னியின் முதியோர் வாய்மொழியிலிருந்து, அவர்கள் தாமே இட்ட ஆண்டுப் பெயர்களோடும் சரியான திகதிகளோடும் தொகுக்கப்படல் வேண்டும். ஊரின் பெயர், குளத்தின் பெயர், உடைப்பெடுத்த ஆண்டு, புலம்பெயர்ந்த நாள், திரும்பிய நாள், திரும்பாதோர் எண்ணிக்கை என்பவற்றை எழுதிவைப்பதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. கேட்போரும் எழுதுவோரும் வேண்டும். கூறவல்லோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

அறுபதாண்டு வட்டம் நிற்பதில்லை. விரோதி ஆண்டு 2069இல் மீண்டும் வரும். சீனரின் மண்ணெருதும் அதே ஆண்டில் வரும். அன்று பஞ்சாங்கம் அப்பெயரைப் பொறிக்கும். வெண்பா மழையையும் விளைவையும் கூறும். முன்னைய விரோதியிலே முள்ளிவாய்க்காலில் நிகழ்ந்தது யாது என்பதை அப்பெயர் கூறாது. அதனைக் கூறவேண்டியது அதற்குள் எழுதப்பட்டிருக்கும் ஏடுகளின் கடமையாகும்.